வாசலில் கழற்றிய சப்பாத்து

பத்துமலைக்குக் கவுன்சிலிங் என்ற சொல் புதிதல்ல. பதினேழு வருடங்களுக்கு முன்பு அதற்காக ஒரு முறை பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அப்போது சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். போன காரியம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் மிச்சம்தான் இன்னும் முடியவில்லை.

அந்தச் சொல்லை மறுபடி அவர் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஈப்போவின் சிலிபின் அடுக்குமாடி வீட்டில் துணி துவைப்பது அவர் வேலை. மனைவி கருப்பம்மாள் தொழிற்சாலைக் கேண்டீனில் காய்கறி வெட்டுகிறவள். விடிவதற்குள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் பைகளைத் தடவிப் பார்ப்பது பத்துமலையின் பழக்கம். அவருடைய கால்சட்டையில் எப்போதும் ஒரு திருகாணியாவது இருக்கும். அன்று மகளின் கால்சட்டையில் நான்காக மடித்த கடிதமும் அதற்குள் ஒரு சின்ன அட்டையும் இருந்தன.

மலாய் அவருக்கு வாசிக்க வரும், மெதுவாக. பல்கலைக்கழகத்தின் உயர்கல்வி மாணவர் அலுவலகத்துக் கடிதம் அது. ஆறு ஆண்டு ஆகியும் ஆய்வு முடியவில்லை. இரண்டு தவணை முன்னேற்ற அறிக்கை வரவில்லை. படிப்பை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். அட்டையில் அதைவிடக் குறைவாகத்தான் எழுதியிருந்தது: கவுன்சிலிங் பிரிவு, மூன்றாம் எண் அறை, செவ்வாய், காலை பதினொன்று. மேலே இரண்டு தேதிகள் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன.

இரண்டையும் பழையபடி மடித்தார். கால்சட்டையை நாற்காலியில் இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு மற்ற துணிகளை மட்டும் துவைத்தார்.

மகள் தினேஸ்வரிக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். கோப்பெங் வட்டாரத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன மணல்வெளிகளில் எந்த மரம் நிற்கும், எது பட்டுப்போகும் என்று ஆராய்கிறாள். பால்கனி முழுக்க எண்ணிட்ட மண் பைகள். துணி காயப்போட ஒரு முழம்தான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போதே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டு முழங்கால் வலிக்கு மருந்து கேட்கிறார்கள். மூவரும் ஒரே சட்டியிலிருந்து மூன்று நேரத்தில் சாப்பிடுகிறவர்கள். அன்றைய குழம்பில் நெத்திலி இருக்கிறதா என்பது மூவருக்கும் தெரியும். மற்றது தெரியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் புல்வெட்டும் மெசினை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பத்துமலை மரநிழலில் உட்கார்ந்தார். கழுத்திலும் காதுமடலிலும் வெட்டிய புல் ஒட்டிக்கொண்டு அரித்தது. கூட வேலை செய்யும் கார்த்திகேசு கயிறு கட்டிய பொட்டலத் தேத்தண்ணியை ஆணியில் மாட்டுவதுபோல் ஒரு கிளையில் மாட்டினான்.

“கார்த்திகேசு, யூனிவர்சிட்டியில கவுன்சிலிங்குக்குக் கூப்புட்டா என்னாடா அர்த்தம்?”

“யாருக்கு அண்ணே?”

“எங்க ஃப்ளாட்ல ஒரு ஆளு. அவரு மவளுக்கு.”

“எந்த மாடி?”

“மாடி எதுக்குலா உனக்கு?”

“சரி, கோவிச்சுக்காதீங்க. கவுன்சிலிங்னா அப்பா அம்மா போயித்தான் ஆவணும். போன வருசம் எம் பெரியவனுக்குக் கூப்புட்டாங்க, தலமயிரு நீளமா இருக்குன்னு. நான் போயிக் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். மூணு நாளு வீட்ல உக்கார வைக்க வேண்டியவன, ஒரு வார்னிங் சூராட்டுக் கடுதாசியோட விட்டுட்டாங்க.”

“அது ஸ்கூலுடா.”

“யூனிவர்சிட்டின்னா இன்னும் பெருசுலா அண்ணே. நான் சொல்றேன் கேளுங்க. புள்ளைக்கு முன்னாடி அப்பன் போயிரணும். புள்ள முன்னாடி போயி ஏதாச்சும் எதுத்துப் பேசிருச்சி, அப்புறம் நம்ம பேச்சு எடுபடாது. தப்பு எங்க மேலதான்னு மொதல்லயே கால்ல விழுந்துரணும். வெறுங்கையோட போவாதீங்க.” தேத்தண்ணியைக் கிளையிலிருந்து எடுத்தான். “அந்த ஆள வெறுங்கையோட போவ வேணாம்னு சொல்லுங்க.”

பத்துமலை காதுமடலில் ஒட்டிய புல்லைக் கிள்ளி எறிந்தார்.

“என்னா வாங்கிட்டுப் போறது?”

“தம்புன் லீமாவ். ஜோடியா. பாத்தா ஒரு கௌரவமா இருக்கும். ஆப்பிளு வாங்கினீங்க, ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஆயிரும்.”

பத்துமலை சிரித்தார். சிரித்து முடித்ததும், செவ்வாய்க்கிழமை பாதி நாள் வரமாட்டேன் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிடும்படி அவனையே கேட்டுக்கொண்டார். யாருடைய மகள் என்று கார்த்திகேசு மறுபடி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தினேஸ்வரி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினாள்.

“பசியாறிட்டியா பாப்பா?”

“ஆச்சுப்பா.”

“இன்னைக்கும் எழுத்து வேலதானா?”

“ஆமாப்பா.”

அவள் படி இறங்கும் சத்தம் அடங்கியதும், தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையை மாட்டினார். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்த தோல் சப்பாத்தை வெளியே எடுத்தபோது அடிப்பகுதி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஆறு வருடங்களாகப் போடாதது. வேறு வழியில்லை. வேலைக்குப் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைக் கழுவித் துணியால் துடைத்தார். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அவர் போடுவது அந்த ஜாதிதான். கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்குவார். இதில் வலது குதிகால் பிளந்து, புல்வெட்டும் மெசினில் சுழலும் ஆரஞ்சு நைலான் கயிற்றால் தைத்திருந்தார். போன மாதம் மகளின் செருப்புவார் அறுந்தபோதும் அதே கயிற்றால்தான் தைத்துக் கொடுத்தார். அவள் அதையே போட்டுக்கொண்டு போகிறாள்.

மோட்டார் சைக்கிள் கூடையில் இரண்டு லீமாவ், தேங்காயளவு பம்ளிமாஸ் பழங்கள், உருண்டன. சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி, கோப்பெங்கையும் தாண்டிப் போக முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் பழைய ஈயக்குட்டைகள் வானத்தை வைத்துக்கொண்டு கிடந்தன. அவள் தினமும் இவ்வளவு தூரம் வருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். மோட்டாரில் உட்கார்ந்து வந்தபோதுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது.

இடத்தை விசாரித்துக் கண்டுபிடிக்கப் பத்தரை ஆனது. கவுன்சிலிங் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. துடைத்துப் பளபளத்த படிகளில் ரப்பர் சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் கீச்சிட்டது. கதவுக்கு வெளியே ஒரு சின்ன அடுக்கு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதியிருந்தது. சுங்காய்ப் பள்ளியில் கவுன்சிலிங் அறையின் வாசலிலும் இப்படித்தான் எழுதியிருந்தது. பத்துமலை கழற்றி, சோடியாக வைத்துவிட்டு, பழங்களோடு உள்ளே போனார்.

அறையில் முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மேசைக்குப் பின்னால் உட்காராமல் சோபாவில் உட்கார்ந்திருந்தது அவரைக் குழப்பியது. அவர் உட்காரவில்லை. பழங்களைக் கீழே வைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் கூட்டி வைத்திருந்த மலாயில், டீச்சரை அழைப்பதுபோல் சிக்கு என்று தொடங்கி, மன்னிக்க வேண்டும், தப்பு பிள்ளை மேல் இல்லை, கவனிக்காத அப்பன் நான்தான், இந்த ஒரு தடவை பார்த்து விட்டுவிடுங்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பழங்களை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் எழுந்தாள். “ஐயா, உக்காருங்க. தமிழ்லயே பேசலாம்” என்றாள்.

பத்துமலைக்கு முகம் சூடானது. “நீங்க…”

“என் பேரு ஷஹீரா. ஈப்போதான். எங்க அத்தா சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு. உங்க மலாய் நல்லா இருந்துச்சு, அதான் நடுவுல நிறுத்தல.”

“இம்புட்டு நேரம் கஷ்டப்பட்டேனே!”

அவள் சிரித்தாள். அவரும் உட்கார்ந்தார், சோபா நுனியில்.

“பழம் வாங்கக் கூடாதுங்கய்யா. எங்களுக்குச் சட்டம். மனசுல வாங்கிக்கிட்டேன்.”

“எம் மவ தினேஸ்வரி. மண்ணு ஆராய்ச்சி. பதினோரு மணிக்கு அவள வரச்சொல்லியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்த…”

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. யாரு இங்க வராங்க, யாரு வரலன்னு நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பெத்தவங்ககிட்டயும்.”

“அப்ப முடிச்சிட்டீங்களா? தள்ளிட்டீங்களா அவள?”

“இல்லய்யா. இங்க யாரையும் தள்ள மாட்டோம். தண்டிக்கிற எடம் இல்ல இது. பொதுவாச் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒரு மாணவர் தானா வந்து பேசி, கையெழுத்துப் போட்டா, நாங்க அவங்களுக்காகக் கடிதம் எழுதுவோம். தவணை கேப்போம். ஆய்வு பாக்குற பேராசிரியர் போயிட்டாருன்னா வேற ஆளு கேட்டு அலுவலகத்தோட பேசுவோம். ஆனா அவங்கதான் வரணும். அப்பா வந்தா ஆகாது.”

“எங்க காலத்துல அப்பன்தான் வரணும்.”

“போயிருக்கீங்களா?”

அவள் அதைச் சும்மா கேட்டதுபோல்தான் இருந்தது. பத்துமலை ஜன்னலைப் பார்த்தார். கீழே புல்வெளியை யாரோ ஒழுங்கில்லாமல் வெட்டியிருந்தார்கள். ஓரம் விட்டிருந்தது.

“மூத்தவன் கோகிலன். நாலாம் பாரம் படிச்சான், பதினாறு வயசு. யாரோடவோ சண்ட போட்டுட்டான்னு கூப்புட்டாங்க. நான் காட்டுலேர்ந்து நேரா போனேன். மேலெல்லாம் ஒட்டுப்பால் நாத்தம். அந்தக் கவுன்சிலிங் சிக்கு மூக்கச் சுருக்கிட்டு உக்காந்திருந்தாரு. இவன் குனிஞ்ச தல நிமிரல. நான் என்னா நெனச்சேன்னா, நானே அடிச்சிட்டா அவங்க விட்டுருவாங்கன்னு நெனச்சேன். வெளிய போயி என் சப்பாத்த எடுத்தாந்து அடிச்சேன். அவரு முன்னாலயே. அவரு போதும்னு சொல்வாருன்னு பாத்தேன். சொல்லல. அவரு சொல்லாததுனால நானும் நிறுத்தல.”

ஷஹீரா ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

“அப்புறம் ரெண்டு வாரம் ஸ்கூலுக்கு வர வேணாம்னுட்டாங்க. அவன் அப்புறம் போகவே இல்ல. ஜொகூர் போனான், அங்கேர்ந்து சிங்கப்பூரு. அம்மாவுக்குப் போன் பண்ணுவான். நான் எடுத்தா, ‘அம்மா இல்லயா’ன்னு கேப்பான். நல்ல புள்ளதான். மரியாதயாத்தான் கேப்பான்.”

இதை அவர் கருப்பம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. பள்ளியில் நாலு அடி போட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். மேசை மேல் இருந்த தாள் கைக்குட்டைப் பெட்டி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அதைத் தொடவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

“இந்தத் தடவ கை ஓங்கக் கூடாதுன்னுதான் பழம் வாங்கிட்டு வந்தேன்” என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகி ஐந்து நிமிடம். பத்துமலை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே வெயிலில் ஒரு பெண் புல்வெளியைக் குறுக்கே கடந்து, இந்தக் கட்டடத்திலிருந்து விலகி, வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். கையில் குடை மடித்தபடியே இருந்தது. அந்த நடையை அவருக்குத் தெரியும். இடது தோள் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் நடை.

“அது எம் பொண்ணு.”

ஷஹீரா ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சொல்ல அனுமதி இல்லாத முகம் அது. “நான் மத்தியானம் சாப்புட வெளிய போறதில்லய்யா” என்றாள். “பன்னெண்டரைக்கு இங்கதான் இருப்பேன். வேற யாரும் வர்ற நேரம் இல்ல அது. கதவு பூட்டியிருக்காது.”

பத்துமலை பழங்களோடு எழுந்து வாசலுக்கு வந்தார். அடுக்கில் அவருடைய சப்பாத்து மட்டும் இருந்தது, ஆரஞ்சுத் தையல் வெளியே தெரிய.

கீழே வந்தபின் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கட்டடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. கடைசியில் துடைப்பம் வைத்திருந்த ஒரு பெண்ணை நிறுத்தி, மண் ஆராய்கிற தினேஸ்வரி எங்கே என்று கேட்டார். சட்டையில் துளசி என்று பெயர் குத்தியிருந்தது.

“மண்ணு அக்காவா? நீங்க அவங்க அப்பாவா? ஐயோ, அவங்களுக்கு ஆளு இருக்காங்களா!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். அந்த ரூம்ல முன்ன பத்து பன்னெண்டு பேரு இருந்தாங்க. நைஜீரியாக்காரங்க, ஈரான்காரங்க, ஒரே சத்தம். எல்லாம் முடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்ப அவங்க மட்டுந்தான். தனியாத்தான் சாப்புடுவாங்க. நான் கூட்டப் போனா காலத் தூக்கிக்குவாங்க. நான் தேங்க்ஸ்க்கான்னு சொல்வேன். அவ்ளோதான் பழக்கம். மூணாவது மாடி, கடைசி ரூம்.”

அந்த அறையில் பன்னிரண்டு மேசைகள் இருந்தன. பதினோரு மேசைகள் வெறுமை. சிலவற்றில் பெயர் ஒட்டிய காகிதம் இன்னும் இருந்தது. சுவரில் இரண்டு வருடத்துப் பழைய நாட்காட்டி. கடைசி மேசையில் தினேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் கணினி திறந்திருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

சப்பாத்துச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

“அடிக்க வந்தீங்களா?”

“பாப்பா…”

“சப்பாத்தப் பாத்தேன்ப்பா. வாசல்ல. அதான் திரும்பி வந்துட்டேன்.” அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது. அது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டாள். “முப்பத்திரண்டு வயசு எனக்கு. அப்பா சப்பாத்தப் பாத்து ஓடி வர்றேன்.”

“நான் உன்ன எப்ப அடிச்சேன்?”

“என்ன அடிக்கல. அண்ணன அடிச்சீங்க. நான் வெளிய ஜன்னல்ல நின்னேன். அதே ஸ்கூல்ல நான் மூணாம் பாரம். ஒங்க சப்பாத்து வாசல்ல இருந்தத மொதல்ல பாத்தேன், அப்பா வந்திருக்காருன்னு சந்தோசமா நின்னேன். அப்புறம் நீங்க வெளிய வந்து அத எடுத்துக்கிட்டு உள்ள போனீங்க. என்னப் பாக்கல.”

பத்துமலை பக்கத்து மேசையின் நாற்காலியில் உட்கார்ந்தார். போய்விட்ட யாரோ ஒருவரின் நாற்காலி. ஏறி இறங்கும் வகை; அவர் கனத்துக்குப் புஸ்ஸென்று கீழே இறங்கியது. இருவரும் சிரிக்கவில்லை.

“மாப்பு கேக்கத்தான் வந்தேன்” என்றார்.

“யார்கிட்ட?”

“ஆபீஸ்ல. ஒன்ன வச்சிக்கச் சொல்லி.”

“ஆபீஸ்கிட்ட எதுக்குப்பா நீங்க மாப்பு கேக்கணும்?”

அவர் மடியில் இருந்த பழங்களைப் பார்த்தார். “யார்கிட்ட கேக்கணும்னு தெரியாம வந்துட்டேன் போல.”

வெளியே எங்கோ புல்வெட்டும் மெசின் ஓடியது. பத்துமலை ஒரு பழத்தை எடுத்து, சாவியால் தோலைக் கீறி, தடித்த தோலை நான்கு இதழாக உரித்தார். அறை முழுக்க அதன் மணம் பரவியது. ஒரு சுளையின் தோலை நீக்கி அவள் மேசையில், திறந்த நோட்டுப்புத்தகத்தின் மேல் வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“ப்ரொபெசர் போன வருசமே வேற யூனிவர்சிட்டிக்குப் போயிட்டாருப்பா” என்றாள். “வேற ஆளு போடுவாங்கன்னாங்க. யாரும் கூப்புடல. நானும் போயிக் கேக்கல. கேட்டா, இவ்ளோ நாளு என்னா பண்ணேன்னு கேப்பாங்களேன்னு. தினமும் தோட்டத்துல பேரு கூப்புடுற பெரட்டுக்கு வர மாதிரி வருவேன். அஞ்சு மணி வரைக்கும் உக்காருவேன். டப்பாவத் தொறந்து சாப்புடுவேன். வந்துருவேன். எட்டு மாசமா ஒரு வரி எழுதல.”

“நான் கேட்டேனே, எழுத்து வேலையான்னு.”

“நீங்க கேட்டீங்க. நான் பொய் சொன்னேன்.”

“நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன்.” சுளையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “அந்த ரூம்ல நான்தான் பேசினேன் பாப்பா. ஒன்னப் பத்தி அவங்க ஒரு வார்த்த சொல்லல. சொல்லக் கூடாதாம். நானா உக்காந்து கோகிலன் கதய முழுக்கச் சொல்லிட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான்லா. நிறுத்தவே முடியல.”

அவள் அவரை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். அவர் கண் ஓரம் சிவந்திருந்தது. சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“கசக்குது.”

“தோல் பட்டுருக்கும்.” எழுந்தார். “பன்னெண்டரைக்கு அந்தப் பொண்ணு சாப்புட வெளிய போறதில்லயாம். கதவு பூட்டியிருக்காதாம். வெள்ளிக்கிழமக்குள்ள காயிதம் எழுதணும்னா ஒன் கையெழுத்து வேணுமாம். அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“நீங்க வர வேணாம்ப்பா.”

“வரல. வேலைக்குப் போறேன். ரெண்டு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கேன்.” மற்றப் பழத்தை மேசையில் வைத்தார். “இத அவங்ககிட்டக் குடுத்துறாத. வாங்க மாட்டாங்க. சட்டம்.”

அவர் கதவருகில் போனபோது அவள் முனகுவதுபோல், “ஜோடியா தம்புன் லீமாவ். யாரு சொன்னா ஒங்களுக்கு?” என்றாள்.

“கார்த்திகேசு.”

“நெனச்சேன்.”

மோட்டார் நிறுத்திய இடத்துக்கு வந்து தலைக்கவசத்தை மாட்டினார். பிறகு கழற்றினார். கேண்டீனில் பொட்டலத் தேத்தண்ணி வாங்கி, மாணவர்கள் நடுவில் நீலச் சட்டையோடு தனியாக உட்கார்ந்து குடித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கருப்பம்மாள் போனில் கூப்பிட்டாள்.

“எங்க இருக்கீங்க? காஞ்ச துணி எடுக்கலயாமே, பக்கத்து வீட்டுல போன் பண்ணுது.”

“வேலைல இருக்கேன்.”

“மெசின் சத்தமே கேக்கல?”

“தேத்தண்ணி குடிக்கிறேன். ராத்திரி பேசணும் ஒன்கிட்ட.”

“என்னா பேசணும்?”

“கோகிலனப் பத்தி.”

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. “சரி” என்று வைத்துவிட்டாள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது எழுந்தார். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். கால் அந்தப் பக்கம்தான் போனது. அந்தக் கட்டடத்தின் முதல் படியில் சப்பாத்து கீச்சென்றதும் நின்றார். குனிந்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு இரண்டு மாடி ஏறினார். திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

கதவு சாத்தியிருந்தது. அடுக்கில் ஒரு சோடிச் செருப்பு. பழுப்பு நிறம். இடது வாரில் ஆரஞ்சு நைலான் தையல்.

உள்ளே பேச்சு ஒன்றும் வெளியே கேட்கவில்லை. கேட்க அவரும் நிற்கவில்லை. சப்பாத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, சத்தமில்லாமல் இறங்கினார். கீழே தார்ச்சாலை நடுப்பகல் வெயிலில் கொதித்தது. மோட்டார் வரைக்கும் அப்படியே நடந்துபோய், அங்கேதான் போட்டுக்கொண்டார்.